அத்தியாயம் 6: காலமை சரி, பின்னேரம் பிழை

வடமராட்சியில் கடலுக்குக் கிட்டவாக ஒரு வாசிகசாலை. ஊர்க் கோயில்களின் கும்பாபிஷேக மலர்கள், பழைய பாடசாலைச் சஞ்சிகைகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் என்று பல வருடமாக ஸ்கேன் செய்து சேர்த்ததெல்லாம் மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு லினக்ஸ் சேர்வரில் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு புரட்டாதி மாதத்தில் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, காலமை நல்லாத்தான் இருந்தது. பின்னேரம் ஸ்கேன் பண்ணினது ஒண்டும் சேவ் ஆகுதில்லை. நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போட்டனான், இப்ப சரி."

நான் பயப்படுவது அந்தக் கடைசி வசனத்துக்குத்தான். ஒரேயடியாகச் செத்த தட்டை மாற்றிவிட்டுப் போகலாம். வந்து வந்து போகிற கோளாறு அப்படியல்ல. நிப்பாட்டிப் போட்டவுடன் அது ஒளிந்துகொள்ளும், எல்லோரும் மறந்துவிடுவார்கள், அடுத்த தடவை இன்னும் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு வரும். இந்த அத்தியாயம் அந்த வகைக் கோளாற்றைப் பற்றியது. கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், "சேவ் ஆகுதில்லை" என்றால் உள்ளே நடந்தது என்ன? பல லினக்ஸ் சேர்வர்களில் இருக்கும் ஈஎக்ஸ்ட்4 கோப்பு முறைமை, தன் கணக்கும் தட்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று கண்டாலோ (அப்படிச் செய்யும்படி அமைத்திருந்தால்), மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் தன் ஜேர்னலை எழுத முடியாமல் போனாலோ, வாசிப்பு மட்டும் என்ற நிலைக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். இது தட்டு செத்ததற்கான அறிவித்தல் அல்ல. மேலும் எழுதினால் இருப்பதும் கெடும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். திரும்ப இயக்கும்போது ஜேர்னலில் இருப்பதை ஓட்டி முடித்துவிட்டு மறுபடி எழுத விடும். ஆனால் அது வஞ்சகமில்லாத சாமான். தனக்கு நேர்ந்ததைத் தலைப்புப் பகுதியில் குறித்து வைத்திருக்கும். 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையை 'எல்' விருப்பத்தோடு அந்தப் பிரிவுக்குக் கொடுத்துப் பாருங்கள். முதல் பிழை நடந்த நேரம், கடைசிப் பிழை நடந்த நேரம், மொத்தம் எத்தனை என்பதெல்லாம் அங்கே இருக்கும். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் ஓடி முடித்தால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். அதனால் முதலில் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாசிகசாலையில் முதல் பிழை, போன் வந்த நாளுக்கு ஐந்து கிழமைக்கு முன்னரே நடந்திருந்தது. அக்கா அதுவரை மூன்று தடவை நிப்பாட்டிப் போட்டிருந்தார்.

அடுத்தது திருத்துவது அல்ல, படியெடுப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எஃப்எஸ்செக் என்பது வைத்தியர் அல்ல, கணக்கப்பிள்ளை. ஏட்டை ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை. ஏட்டில் பொருந்தாத சரக்கை வெளியே தூக்கி எறிந்துவிடும். தட்டோ கேபிளோ இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதை ஓடவிட்டால், அந்தப் பொய்யை உண்மையென்று எடுத்துக்கொண்டு நல்ல கோப்புகளையும் வெட்டும். தட்டு வாசிக்கக்கூடியதாக இருந்தால், வாசிப்பு மட்டும் நிலையிலேயே 'ஆர்சிங்க்' மூலம் வேறொரு தட்டுக்கு எல்லாவற்றையும் எடுங்கள். வாசிக்கும்போது அங்கங்கே சிக்கினால் 'டிடிரெஸ்கியூ' எடுங்கள். அது இலகுவாக வருகிற இடங்களை முதலில் அள்ளிவிட்டு, சிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அந்த வரைபடக் கோப்பை நோயாளித் தட்டில் வைக்காமல் இருந்தால்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில், வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. பிரதி எடுக்கும் வேலையை நாளைக்குத் தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

படியெடுத்தாயிற்று என்றால் இனி ஆறுதலாகக் கேர்னல் பேசுவதைக் கேட்கலாம். 'டிமெசேஜ்' அல்லது 'ஜேர்னல்கன்ட்ரோல்' கட்டளையில் 'கே' விருப்பம். வரிகள் மிரட்டும், ஆனால் நீங்கள் தேட வேண்டியது மூன்றே மூன்று சாதி. ஒன்று, நெளிந்த அடைப்புக்குள் 'யூஎன்சி' என்று வருவது: தட்டின் பரப்பிலிருந்து அந்த இடத்தை வாசிக்க முடியவில்லை. குற்றவாளி தட்டுத்தான். இரண்டாவது 'ஐசிஆர்சி': தட்டு வாசித்துவிட்டது, ஆனால் கேபிள் வழியே வரும்போது தரவு சிதைந்துவிட்டது. சாட்டா கேபிளையோ, அதன் முனையையோ, மதர்போட்டின் துவாரத்தையோ சந்தேகியுங்கள். இதோடு, 6 ஜிகாபிட்டில் ஓடிய இணைப்பு 3 க்கும் 1.5 க்கும் இறங்கியதாக வரிகள் வந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவது சாதியில் இந்த இரண்டு எழுத்துக் கூட்டமும் இருக்காது. பதில் இல்லை, இணைப்பை மறுபடி தொடக்குகிறேன், இணைப்பு இல்லை, மறுபடி தொடக்குகிறேன் என்று கேர்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே ஆள் இல்லாத வீடு. பெரும்பாலும் தட்டுக்குக் கரண்ட் போய் வந்திருக்கும்.

வாசிகசாலையில் இருந்தது மூன்றாவது சாதி.

இங்கே ஒரு பொறி உண்டு. கோளாறு பட்டது இயங்குதளம் இருக்கும் தட்டாக இருந்தால், அது வாசிப்பு மட்டும் நிலைக்குப் போன கணத்திலிருந்து பதிவும் எழுதப்படாது. வீடு எரியும்போது நாட்குறிப்பும் அதே வீட்டுக்குள். பதிவு திடீரென்று ஒரு நிமிடத்தில் நின்று, அடுத்த வரி மறுநாள் இயக்கத்தில் தொடங்கினால், அந்த இடைவெளியே ஒரு சாட்சிதான். ஆனால் பற்றாது. 'ஆர்சிஸ்லொக்' மூலம் பதிவுகளை வலையமைப்பில் உள்ள இன்னொரு கொம்பியூட்டருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய லப்டொப் ஒன்று போதும்.

தட்டுக்குக் கரண்ட் போய் வந்தது என்பதை நிரூபிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதில்லை. 'ஸ்மார்ட்கன்ட்ரோல்' கட்டளை காட்டும் அட்டவணையில் 12 ஆம் இலக்கம், தட்டுக்கு எத்தனை தடவை மின் வந்தது என்ற எண்ணிக்கை. முதல் நாள் அதைக் குறித்துக்கொண்டு, "அக்கா, இனி நிப்பாட்டாதேங்கோ, பிழைச்சால் எனக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது சேர்வர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தட்டின் 12 ஆம் இலக்கம் மட்டும் இரண்டு கூடியிருந்தது. கழன்ற பிரிவைத் தூரத்திலிருந்தே நான் இரண்டு தடவை திரும்ப ஏற்றியிருந்தேன். சேர்வர் நிற்காமல் தட்டு மட்டும் எப்படி நின்று எழும்பும்?

நான் அக்காவிடம் ஒரு சிஆர் கொப்பி கொடுத்திருந்தேன். பிழைத்த நேரத்தை மட்டுமல்ல, அந்த நேரத்தில் கட்டடத்தில் நடந்ததையும் எழுதச் சொல்லி. முந்திய காலத்தில் மலேரியாவை முறைக்காய்ச்சல் என்றார்கள். எத்தனை நாளுக்கு ஒரு தடவை நடுங்குகிறது என்று கேட்டுத்தான் பரியாரி எந்தக் காய்ச்சல் என்று பிடித்தார். கொப்பியில் இருந்தவை: செவ்வாய் பின்னேரம் 4.40, வெள்ளி பின்னேரம் 4.35. பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில், "யூபிஎஸ் டிக் எண்டு சத்தம் கேட்டது. ஐயா தண்ணி இறைக்கத் தொடங்கினவர்."

கிணற்று மோட்டர். யாழ் குடாநாட்டில் அநேகமாக எந்தக் கட்டடத்திலும் ஒரு கிணறும், கிணற்றில் ஒரு மோட்டரும், மேலே ஒரு தாங்கியும் இருக்கும். மோட்டர் புறப்படும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதே வயரில் தொங்கும் எல்லாவற்றுக்கும் வோல்ற்றேஜ் ஒரு நொடி தாழும். மலிவான யூபிஎஸ் அந்தத் தாழ்வைக் கண்டு பற்றரிக்கு மாறும். அந்த மாற்றத்துக்குச் சில மில்லிசெக்கன்கள் எடுக்கும். அந்த டிக் சத்தம் அதுதான். நல்ல பவர் சப்ளை அதைத் தாங்கும். பத்து வருடப் பவர் சப்ளையும் ஏறக்குறையத் தாங்கியது, சேர்வர் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மோட்டர்த் தொடக்கத்திலும் தட்டு விழவில்லையே, ஏன்? அங்கேதான் இரண்டாவது காரணம் இருந்தது. வந்து போகும் கோளாறுகளில் பெரும்பாலும் இரண்டு பலவீனங்கள் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டியிருக்கும். அதனால்தான் அவை வந்து போகின்றன.

பெட்டியைத் திறந்தேன். ஒரு பல்லியின் எலும்புக்கூடு, விசிறியில் செம்மண் தூசு. இயங்குதளத் தட்டுக்குப் பவர் சப்ளையிலிருந்தே நேர் வயர். தரவுத் தட்டுக்கு மட்டும், பழைய நான்கு முள் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒரு குட்டி வயர். அதை இழுத்ததும் முள் ஒன்றில் பச்சை. செம்புப் பாத்திரத்தில் பிடிக்கிற அதே களிம்பு. உப்புக்காற்று முகம் பார்ப்பதில்லை. கடலிலிருந்து வெகுதூரம் என்று சொல்லக்கூடிய இடம் குடாநாட்டில் இல்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் யன்னல் கம்பியே சாட்சி சொல்லும். களிம்பு ஏறிய முனை தடை கூடிய முனை. 5 வோல்ற் வழியில் 4.75 க்குக் கீழே போனால் விதிமுறைப்படி அது பிழை. பவர் சப்ளை தளம்பும் கணத்தில் தட்டும் எழுதிக்கொண்டிருந்து அதிக கரண்ட் கேட்டால், களிம்பு மிச்சத்தைத் தின்றுவிடும், தட்டு மயங்கும்.

அந்தக் குட்டி வயரைக் குப்பையில் போட்டேன். அந்த வகை மாற்று வயர்களில், முனையை வார்த்த பிளாஸ்ரிக்கால் மூடியவை உருகி எரிந்த கதைகளும் உலகெங்கும் உண்டு. சேர்வரில் அவற்றுக்கு இடமே கொடுக்காதீர்கள். பவர் சப்ளையை மாற்றினேன். சேர்வரின் பிளக்கை மோட்டர் இல்லாத வேறு வயருக்கு மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் காரணம் தெரியும் என்று புத்தகங்கள் சொல்லும். நான் சோதனைச்சாலை நடத்தவில்லை. இந்த மூன்றில் எதையுமே விட்டுவைக்க மனம் வரவில்லை. மற்ற முனைகளை ஐசோபுரப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தேன். அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாட்டா முனைகளின் தங்கப் பூச்சு மிக மெல்லியது. இரண்டு தடவை தேய்த்தால் பூச்சுப் போய், அடுத்த சோளகத்தில் நீங்களே களிம்புக்கு வழி விட்டவர் ஆவீர்கள்.

ஸ்மார்ட் அட்டவணையில் மற்ற இலக்கங்களையும் ஒரு சுற்றுப் பார்ப்போம். 199 கேபிள் வழிப் பிழைகளின் எண்ணிக்கை. அது ஒருநாளும் குறையாது, ஆகவே பழைய எண்ணைக் கண்டு பதறாமல், கேபிளை மாற்றிய பிறகு மேலும் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள். 197 சந்தேகத்தில் காத்திருக்கும் பகுதிகள். 198 திருத்த முடியாதவை. இந்த மூன்றில் ஒன்று கிழமைக்குக் கிழமை ஏறினால் தட்டை மாற்றுங்கள், ஆராய்ச்சி வேண்டாம். கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை அவதானித்து 2007 இல் வெளியிட்ட ஆய்வில், பரப்பைத் துழாவும்போது முதல் பிழை காட்டிய தட்டுகள் அடுத்த 60 நாளில் சாவதற்கான வாய்ப்பு, பிழை காட்டாதவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. இதை மறந்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். செத்துப்போன தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே செத்தன. அட்டவணை சுத்தமாக இருப்பது நற்சான்றிதழ் அல்ல.

மின்சாரத்துக்கு வருவோம். போர்க்காலத்தில் ஜாம்போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட ஊருக்குக் கரண்ட் இல்லாமல் இருப்பதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சேர்வருக்குக் கேடு கரண்ட் இல்லாததால் அல்ல, அது போகும் வரும் விதத்தால். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில், யூபிஎஸ் பற்றரிகள் முழுதாக ஏறுவதற்கு முன்னரே மறுபடி வடிந்தன. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டபோது, யாருக்கும் முன்னறிவித்தல் கிடையாது. ஈயப் பற்றரி 25 பாகை வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சீற் கூரைக்குக் கீழே வைத்த பற்றரியிடம் ஐந்து வருடம் எதிர்பார்க்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, சேர்வரைக் கழற்றிவிட்டு ஒரு மின்விளக்கைப் பூட்டி, பற்றரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரைச் சேர்வரில் குத்தி 'நட்' மென்பொருளை நிறுவிவிட்டால், பற்றரி வடிய முன் சேர்வர் தானாக ஒழுங்காக நின்றுகொள்ளும். அந்த வயர் பெட்டிக்குள் பொலித்தீன் கூடப் பிரிக்காமல் கிடப்பதை எத்தனை இடத்தில் கண்டிருக்கிறேன்!

இரண்டு தட்டுகளை இணைத்து ரெய்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தட்டு நல்லாக இருக்கும், ஆனால் அடிக்கடி குழுவிலிருந்து தள்ளப்படும். வீட்டுப் பாவனைக்கான தட்டு ஒரு கெட்ட இடத்தை வாசிக்க நிமிடக்கணக்கில் முயலும்; கேர்னலோ 30 செக்கன் மட்டும் பொறுக்கும். சேர்வருக்கென்று செய்யப்பட்ட தட்டு வழக்கமாக 7 செக்கனில் கைவிட்டுவிட்டுப் பிழையைச் சொல்லும், ரெய்ட் மற்றத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் தட்டில் அந்த 7 செக்கன் அமைப்பை ஸ்மார்ட்கன்ட்ரோலின் 'எஸ்சிடிஇஆர்சி' மூலம் வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கேர்னலின் பொறுமையை 180 ஆக உயர்த்துங்கள். இரண்டுமே திரும்ப இயக்கினால் அழிந்துவிடலாம். தொடக்க நிரலில் எழுதி வையுங்கள்.

இப்போதுதான் எஃப்எஸ்செக். பிரிவைக் கழற்றிவிட்டு, முதலில் 'என்' விருப்பத்தோடு. அது எதையும் தொடாது, குறைகளை மட்டும் வாசிக்கும். நாலைந்து வரி என்றால் உண்மையாக ஓட்டலாம். திரை நிரம்பி ஓடினால், டிடிரெஸ்கியூ எடுத்த படியின் இன்னொரு பிரதியில் ஓட்டிப் பாருங்கள். வீடு தெரியாத கோப்புகள் 'லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' உறைக்குள் வெறும் இலக்கங்களாக வந்து சேரும். 'ஃபைல்' கட்டளை எது படம், எது பிடிஎஃப் என்று சொல்லும். ஈஎக்ஸ்ட்4 க்குப் பதிலாக எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருப்பவர்களிடம் அதன் திருத்தும் கருவி, ஜேர்னல் முடியவில்லை என்று மறுக்கும். 'எல்' விருப்பத்தால் ஜேர்னலை அழிக்கலாம் என்றும் அதுவே சொல்லும். ஆசைப்படாதீர்கள். ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதுவும் முடியாத இடத்தில்தான் அந்த விருப்பம்.

தட்டே குற்றமில்லாத சில நாட்களும் வரும். இடம் இருக்கிறது என்று 'டிஎஃப்' சொல்லும், ஆனால் எழுத விடாது: 'ஐ' விருப்பம் சேர்த்துப் பாருங்கள், கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் ஐநோடுகள் முடிந்திருக்கும். கோடிக்கணக்கான குட்டிக் கோப்புகளைப் படைக்கும் மின்னஞ்சல் சேர்வர்களில் இது சாதாரணம். வெவ்வேறு தட்டுகளில், வெவ்வேறு நேரத்தில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பிழைகள் வந்தால் றாமைச் சந்தேகித்து ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள்.

வாசிகசாலையில் எஃப்எஸ்செக் முடிந்த பிறகு பதினொரு கோப்புகள் இலக்கங்களாகக் கிடந்தன. ஒன்பதை அக்கா பார்த்தவுடன் அடையாளம் கண்டு பெயர் வைத்தார். ஆனால் ஈஎக்ஸ்ட்4 தன் ஏட்டைத்தான் சரிபார்க்கும், கோப்புக்குள் இருப்பது சரியா என்று அதற்குத் தெரியாது. ஸ்கேன் செய்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் 'ஷா256' சரிபார்ப்பு எண்ணை எடுத்து வைத்திருந்தால் ஒரு கட்டளையில் தெரிந்திருக்கும். வைத்திருக்கவில்லை. அதனால் அந்த ஐந்து கிழமையில் சேர்த்த படங்கள் அத்தனையையும் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். இரண்டு கல்வெட்டுகளின் ஜேபெக் படங்கள் பாதியிலிருந்து சாம்பல் நிறமாக இருந்தன. ஒன்றின் மூலப்பிரதி அலுமாரியில் இருந்தது, அன்றே மறுபடி ஸ்கேன் செய்தோம். மற்றதைக் கொண்டுவந்து தந்தவர் ஸ்கேன் முடிந்ததும் வாங்கிக்கொண்டு கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு அக்கா எழுதியிருக்கிறார்.